முன்வரிசையில் என்டாவின் இடம்

கேமராவின் நெற்றியில் எரியும் சிவப்பு விளக்கின் மேல் டெர்வ்லா மாங்கன் முதலில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டுகிறாள். பிறகு அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறாள். படம் இப்போது வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லும் விளக்கு அது. அதைப் பார்த்துவிட்டால் மனிதர்கள் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். வந்த அழுகையை விழுங்கிவிடுவார்கள். "சர்ச்சுல சிவப்பு விளக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அது போதும்" என்பாள், பலிபீடத்தின் பக்கம் தலையை அசைத்து.

அயர்லாந்தின் மாயோ கடற்கரை ஊர்களில் நடக்கும் அடக்கத் திருப்பலிகளை, வரமுடியாமல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக அவள் நேரலையில் அனுப்புகிறாள். நெடுநெடுவென்ற உயரம். அந்த உயரத்துக்காக மன்னிப்புக் கேட்பதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பாள். காலில் அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்டுக்கொண்டு போன பழைய ரப்பர் செருப்பு. கல் தரையில் அது சத்தம் போடாது.

காலையில் உள்ளூர் வானொலி இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது எல்லா வீட்டையும் போல அவள் வீட்டிலும் பேச்சு நின்றுவிடும். வாயிலிருக்கும் ரொட்டியைக்கூட அவள் மெல்லமாட்டாள். ஆனால் யாரையும் தானாகக் கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டாள். அடக்கத்தை ஏற்று நடத்துபவர் கூப்பிட்டால் போவாள், கூப்பிடாவிட்டால் இல்லை.

துக்க வீட்டில் டீயை வேண்டாம் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் யாராலும் முடியாது. டெர்வ்லா வாங்கிக்கொள்வாள், குடிக்கமாட்டாள். திருப்பலி நீண்டுவிட்டால் நடுவில் கேமராவை விட்டு எழுந்து போக முடியாதே. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, ஆறியபின் சன்னல் திரைக்குப் பின்னால் வைத்துவிடுவாள். "என்னம்மா, டீ குடிக்கிறியா, கைக்குக் குளிர் காயறியா?" என்று பெண்கள் சீண்டுவார்கள். "ரெண்டும்தான்" என்பாள்.

கால்வே நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையும் ஒளிபரப்புப் படத்தயாரிப்பும் சேர்ந்த பட்டப்படிப்பு. அதில் அவள் கடைசி ஆண்டு. இரண்டு துறைக்கும் வேறு வேறு கட்டடம். நடுவில் கார் நிறுத்துமிடமும் மழையும். கடைசி ஆண்டில் ஒரு சிறுதொழிலை நிஜமாகவே நடத்திக் காட்ட வேண்டும் என்கிறது முதல் துறை. ஒரு நேரலையைத் தனியாளாகச் செய்து காட்ட வேண்டும் என்கிறது இரண்டாவது. கூடப் படிப்பவர்கள் கல்யாணங்களையும் அலைச்சறுக்குப் பள்ளிகளையும் பிடித்துக்கொண்டார்கள். இவள் இதை எடுத்தாள்.

"விளம்பரம் எப்படிப் பண்ணப் போறே?" என்று கேட்டார் மேலாண்மை கற்பிக்கும் டெக்லன் ஹெஃபர்னன்.

"பண்ண முடியாது, டெக்லன்."

"சரி, வளர்ச்சி? அடுத்த வருஷம் இன்னும் நிறைய பேர் வருவாங்கன்னு எதிர்பார்க்கிறியா?"

"எதிர்பார்த்தா தப்பில்லையா?"

"ஒரு தடவை வந்த வாடிக்கையாளர் மறுபடி வரவே மாட்டாரே!" என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பு சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. "அவர் வரமாட்டார். அவர் வீட்டுக்காரங்க வருவாங்க" என்றாள்.

"அப்போ வளர்ச்சிங்கிற இடத்துல 'கடவுள் சித்தம்'னு எழுதிக்கோ" என்றார் டெக்லன். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஒளிபரப்புத் துறையில் அவளுக்குப் பொறுப்பாசிரியர் ஊனா டைக். இருபது வருடம் செய்தித் தொலைக்காட்சியில் இருந்தவர். கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். டெர்வ்லா எப்போதும் கேமராவை ஆர்கன் வாத்தியம் இருக்கும் மேல்மாடத்தில் வைத்து, சர்ச் முழுவதையும் தொலைவிலிருந்து காட்டுவாள். ஊனாவுக்கு அது ஆகாது.

"நீ எடுக்கறது படமா, வரைபடமா? புருஷனைப் பறிகொடுத்த அந்தம்மா முகம் எங்கே?"

"அவங்களைக் கேக்காம எப்படி எடுக்கறது?"

"அழறவங்ககிட்ட போய்க் கேப்பியா?"

"அதனாலதான் எடுக்கல."

மார்ச் மாதம் தேர்வுக்கென்று அவள் செய்த நேரலையில், ஆர்கன் வாசித்தபோதெல்லாம் பழைய மாடத்தின் பலகைகள் அதிர, படமும் நடுங்கியது. அசையாத படம் இந்தப் படிப்பின் முதல் பாடம் என்று எழுதி, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளைத் தேர்ச்சியாக்க மறுத்துவிட்டார். ஊனா அவரோடு வாதாடி இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். அதிலும் தவறினால் பட்டம் இல்லை. பட்டம் கிடைத்தால் செப்டம்பரில் சேரலாம் என்று கால்வேயில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் சொல்லியிருந்த வேலையும் இல்லை.

அந்த இரண்டாவது வாய்ப்பு, மே மாதம், மார்ட்டின் லவெல் என்ற மீனவரின் அடக்கமாக அமைந்தது.

முந்தின நாள் துக்க வீட்டில், ஆறிய கோப்பையோடு நின்றவளிடம் மார்ட்டினின் மனைவி பிரீஜ் வந்தாள். "எம் மகன் என்டா பாஸ்டன்ல இருக்கான், கண்ணு. அவங்கிட்ட பேப்பர் கிடையாது. வந்தா வந்ததுதான், திரும்ப உள்ளே விடமாட்டாங்க. புள்ளைங்க அங்கே இருக்கு." ஊரறிந்த சங்கதி என்பதால் குரலைத் தாழ்த்தவில்லை. "நீ அந்த மிஷினை மேலே தூக்கிட்டுப் போயிடாதே. அப்பன் அடக்கத்துல மகனோட இடம் எம் பக்கத்துல. அங்கே வை."

மறுநாள் காலை, கால்வேயிலிருந்து காரோட்டி வந்திருந்த ஊனா இதைக் கேட்டுச் சற்று யோசித்தார். "சரி. கீழே கல் தரை, ஆடாது. ஆனா கேமரா அசையாம பூட்டிட்டுக் கையை எடுத்துடு. தேர்வாளர் அவர் இடத்துலேருந்து நேரலையிலேயே பார்த்துக்கிட்டு இருப்பார். இந்தத் தடவையும் ஆடிச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, டெர்வ்லா. நிஜமா முடியாது." சொல்லிவிட்டு ஒரு சிறு திரையோடு மேல்மாடத்துக்குப் போனார். அவர் பேசுவது டெர்வ்லா காதில் செருகியிருந்த கருவியில் அவளுக்கு மட்டும் கேட்கும்.

முன்வரிசையில் பிரீஜுக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருக்கும் ஆளின் கண் உயரத்தில் கேமரா நின்றது. பின்னால் பெஞ்சின் முதுகு இடித்ததால், கேமராவைத் தாங்கும் முக்காலியில், அதை ஏற்றி இறக்கும் நீண்ட கைப்பிடியைத் திருப்பி முன்பக்கம் நீட்டிப் பொருத்தவேண்டி வந்தது. டெர்வ்லா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். திருப்பலி முழுவதும் படம் இம்மியும் அசையவில்லை. "அழகு" என்றார் ஊனா, காதுக்குள். அவர் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

திருப்பலி முடிந்ததும் ஊர் எழுந்து வரிசையாக வந்தது. சவப்பெட்டியைத் தொட்டுவிட்டு, முன்வரிசையில் இருக்கும் குடும்பத்துக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்து, துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம். புதிதாக எதையும் சொல்ல யாரும் முயல்வதில்லை. "ரொம்பக் கஷ்டமா இருக்கு, பிரீஜ்." "ரொம்பக் கஷ்டமா இருக்கு, பிரீஜ்." சொல்லிவிட்டு, கேமராவின் முன் என்ன செய்வதென்று தெரியாமல் பார்வையைத் தாழ்த்திக் கடந்துபோனார்கள்.

டாம் பேடன் கடக்கவில்லை. மார்ட்டினோடு ஒரே படகில் போனவர். பிரீஜின் கையை விட்டுவிட்டு கேமராவின் முன் நின்றார். குனிந்து அதன் கண்ணுக்குள் பார்த்தார். இடுப்பளவில் நீட்டியிருந்த கைப்பிடியைத் தன் பெரிய கையால் பற்றினார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்குடா, என்டா. படகை மேட்டுல இழுத்துப் போட்டிருக்கேன். அதை நெனச்சுக் கவலைப்படாதே."

சொல்லிவிட்டுக் குலுக்கினார். இறுகப் பூட்டியிருந்ததால் கைப்பிடி அசைந்து கொடுக்கவில்லை. முக்காலி மொத்தமும் கல்லில் தடதடவென்று அதிர்ந்தது.

"டெர்வ்லா! ஆடுது!" என்றது காதுக்குள் ஊனாவின் குரல்.

ஒருவர் செய்துவிட்டால் பின்னால் வருபவர்களும் செய்வார்கள். தபால் நிலையத்து நோரா ஏற்கெனவே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.

"கைப்பிடியைக் கழட்டிடு. ஒரே ஒரு திருகுதான். பின்னாலிருந்தே எட்டும், யாருக்கும் தெரியாது. ஒரு தடவை ஆடினதை நான் எப்படியாவது பேசிச் சமாளிக்கிறேன். சீக்கிரம்மா, அடுத்த ஆள் வந்துட்டாங்க."

டெர்வ்லா பெஞ்சுக்கு மேலாகக் கையை நீட்டினாள். பிரீஜ் லேசாகத் திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். டெர்வ்லாவின் விரல்கள் கைப்பிடியைப் பிடித்திருந்த திருகின் மேல் வந்து நின்றன. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. பிறகு அதை விட்டு, அதற்கு மேலே, கேமரா தலையசைக்காதபடி இறுக்கி வைத்திருந்த பூட்டுக்குப் போயின.

அவள் அதைத் தளர்த்தினாள்.

நோரா கைப்பிடியைப் பற்றிக் குலுக்கினாள். அது அவள் கையோடு மெல்ல இறங்கியது, அவள் கையோடு எழுந்தது; அதோடு கேமராவும் தலையசைத்தது.