தேவையில்லாமல் திறந்த கதவு

“கையை எடுங்க! கதவுக்குக் கண்ணு இருக்கு, அது பாத்துக்கும். குறுக்க கைய விட்டு அத மிரட்டாதீங்க!”

மூடப்போகிற லிஃப்ட் கதவுக்கு நடுவில் எவர் கையை நீட்டினாலும் எங்கள் லிஃப்ட் மெக்கானிக் இப்படித்தான் கத்துவார். குடியிருப்போர் சங்கத் தலைவராக இருந்தாலும் சரி, சோபாவை நிமிர்த்தி உள்ளே திணிக்கப் பார்க்கும் மூன்றாம் மாடிக்காரராக இருந்தாலும் சரி, திட்டுவதில் பாரபட்சம் கிடையாது. கண் என்று அவர் சொல்வது, குறுக்கே ஏதாவது வந்தால் கதவைத் திரும்பத் திறக்கவைக்கும் சென்சாரை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய டூத் பிரஷை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, கதவு ஓடும் தடத்தில் சிக்கிய குப்பையைக் கிளறுவார். பொத்தான், கொண்டை ஊசி, ஒருமுறை யாருடையதோ பொய்ப்பல். எல்லாவற்றையும் வாசலில் வரிசையாக அடுக்கி வைத்து, “இதுதான் உங்க லிஃப்ட்டோட கோளாறு” என்பார். கோளாறு நம்முடையது என்று அர்த்தம்.

இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. எங்கள் கட்டடத்துக்கு மாதம் ஒருமுறை வருவார். லிஃப்டில் ஏறினால் நாமெல்லாம் பொத்தானைப் பார்ப்போம், இல்லாவிட்டால் கண்ணாடியில் நம் மூஞ்சியைப் பார்ப்போம். அவர் இரண்டு கதவுகளுக்கும் நடுவே குறுகிக்கொண்டு வரும் இடைவெளியை மட்டும் பார்ப்பார். உதடு அசையும். எத்தனை நொடி என்று எண்ணுகிறாராம். “ஒழுங்கா ஓடற வரைக்கும் எங்கள யாருக்கும் தெரியாது மேடம். நின்னாத்தான் தெரியும். அதுவும் திட்டறதுக்கு.”

இந்த மனிதருக்கு இன்னொரு வாழ்க்கை இருப்பதும், அங்கே அவருக்கு ‘ஒன்பதாம் மாடி’ என்று பட்டப்பெயர் இருப்பதும் போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது. வீடியோ கேம்! எனக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். ஐம்பது வயது மனிதர் வேலை விட்டு வந்து, கைகால் கழுவிக்கொண்டு, டிவி முன்னால் கன்ட்ரோலரோடு உட்காருகிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? சிரித்தேன். அவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் சொன்னார். அதற்கப்புறம் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கேமின் பெயர் ‘பதினொரு மாடி’. மனிதர்கள் எல்லோரும் எங்கோ போய்விட்ட ஒரு கட்டடம். ஓர் இயந்திர ஆள் மட்டும் மிச்சம். தினமும் லிஃப்டில் ஏறி மாடி மாடியாகப் போய்த் தூசி தட்டுவது, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுவது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, இதுதான் அவன் வேலை. சண்டை இல்லை, ஜெயிப்பதும் இல்லை. அங்கங்கே சுவரில் கேள்விகள் எழுதியிருக்கும். ‘யாரும் பார்க்காத வேலை வேலைதானா?’ ‘யாருக்காக இந்த விளக்கு?’ இவற்றுக்கு அர்த்தம் சொல்லத்தான் ரசிகர்கள் இணையக் குழுவில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கட்டடம் என்பது மனித மூளை என்கிறது ஒரு கட்சி. இயந்திர ஆள்தான் கடவுள் என்கிறது இன்னொன்று. விளையாடுகிறவனே செத்துப்போய்விட்டான், அவனுக்கு அது தெரியவில்லை என்று நாற்பது பக்கம் எழுதியவரும் உண்டு. “இவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் யாராவது செத்துப்போயிருக்கணும்” என்று சலித்துக்கொள்வார் நம்மவர்.

அவர் பிடித்தது அந்த லிஃப்டின் கதவை. மற்ற மாடிகளில் அது ஒழுங்காக மூடிக்கொள்கிறது. ஒன்பதாம் மாடியில் மட்டும் பாதி மூடித் திரும்பத் திறக்கிறது. மறுபடி பாதி மூடித் திறக்கிறது. மூன்று தடவை. அதற்குப் பிறகே மூடுகிறது. மனிதனின் தயக்கம் என்றார்கள், காலச் சக்கரம் என்றார்கள். அவர் குழுவில் நான்கே வரி எழுதினார். “நான் லிஃப்ட் மெக்கானிக். கதவு பாதியில திரும்புதுன்னா குறுக்க யாரோ நிக்கறாங்க. நம்ம கண்ணுக்குத் தெரியல, கதவோட கண்ணுக்குத் தெரியுது. அந்த ஆளு அங்க தனியா இல்ல.”

சுவரில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரு பதில் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் கூட்டமாக ஒன்பதாம் மாடிக்குப் போய் நின்றார்கள். ‘தத்துவம்’ என்ற பெயரில் எழுதும் ஒரு மேதாவி மட்டும், “ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிட்டு சித்தாந்தம் பேச வந்துட்டாரு” என்று கிண்டலடித்தார். அடித்தாரா, இரண்டே மாதத்தில் அதே விளக்கத்தை இரண்டு மணி நேர வீடியோவாகப் போட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். மெக்கானிக்கின் பெயர் மருந்துக்குக்கூட அதில் இல்லை. “போகட்டும் மேடம், விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேந்தா சரி” என்றார் இவர். இவருக்குச் சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நாலு பேரில் ஒருவர், குழுவில் ‘பூந்தொட்டி’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் அம்மாள். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகள் கேம் பெட்டியை டிவியில் மாட்டிக் கொடுத்திருக்கிறாள். செடிக்குத் தண்ணீர் விடுவது மட்டும்தான் அந்த அம்மாளுக்குப் பிடித்திருந்தது. அவருடைய கணவர் எதற்கும் நேரத்தில் கிளம்பாத மனிதர். லிஃப்ட் கதவு மூடும்போதுதான், “இரு, இரு, நானும் வரேன்” என்று ஓடிவருவார். வந்ததும் மூக்குக்கண்ணாடியை மறந்திருப்பார். அதை எடுத்து வந்தால் சாவியை மறந்திருப்பார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. மெக்கானிக்கின் நான்கு வரியைப் படித்த அன்று அந்த அம்மாள் அனுப்பிய பதிலை நம்மவர் தன் போனில் பத்திரமாக வைத்திருக்கிறார். எனக்கும் காட்டினார். “தம்பி, இன்னிக்கு ஒன்பதாம் மாடிக்குப் போனேன். மூணு தடவ தொறந்துது. அவருக்கு எப்பவும் மூணு தடவதான்.” அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அம்மாள் ஒன்பதாம் மாடியில் ஆஜர்.

போன மாதம் கேமைச் செய்த கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. புதிய அப்டேட்டில் நாற்பத்திரண்டு பிழைகளைத் திருத்தியிருக்கிறார்களாம். பதினாறாவது, இயந்திர ஆளின் பாதம் தரையில் புதைவது. பதினேழாவது, ‘ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் கதவு தேவையில்லாமல் திறந்து மூடுவது சரிசெய்யப்பட்டது.’ அவ்வளவுதான். ஒற்றை வரி.

“தேவையில்லாம! அது என்ன மேடம் தேவையில்லாம?” எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு கத்தினார். “எந்தக் கதவும் தேவையில்லாம தொறக்காது!” அந்த ‘தத்துவம்’ இருக்கிறாரே, அவர் தன் வீடியோவைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு, ‘பிழைக்குப் பொழிப்புரை எழுதிய மெக்கானிக் மேதை’ என்று குழுவில் ஒரு வரி போட்டிருந்தார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! திருடியதும் அவர், சிரிப்பதும் அவர். ஆள் எதிரில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? கேட்டேன். “தூசி இருந்தாலே கதவு தொறக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“தூசி கதவோட கண்ணுல இருந்தா எல்லா மாடியிலயும் தொறக்கும். கண்ணு லிஃப்ட் கூடவே வருது இல்லையா?”

“அந்த மாடித் தடத்துல மட்டும் கல்லு கில்லு இருந்தா?”

“கல்லுன்னா முட்டித் திரும்பும், ஒரு குலுங்கு குலுங்கும். இது முட்டாமலே திரும்புது மேடம்.”

“செஞ்சவங்களே தப்புன்னு சொல்றாங்களேப்பா.”

“செஞ்சவங்க மாட்டிட்டுப் போயிட்டாங்க. தெனமும் பக்கத்துல நின்னு பாக்கறது யாரு? இந்த லிஃப்ட்ட பத்தி எனக்குத் தெரியுமா, இத செஞ்ச ஃபேக்டரிக்குத் தெரியுமா?”



அன்றே வீட்டுக்குப் போய் நெட் இணைப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். இணைப்பு இருந்தால் அப்டேட் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். “கேம்ல இருக்கற கதவுக்குக் காவல் இருக்கீங்க, இங்க புள்ளைங்க பாடம் படிக்க வழியில்ல” என்று மனைவி நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்று அடுத்த நொடியே பதில் வந்தது. அடுத்த நொடியே! படித்துப் பார்க்கக்கூட ஆள் இல்லை. அந்த ஆத்திரத்தில் குழுவில் பதினொரு பத்தி எழுதிப் போட்டார். கம்பெனியை நார் நாராகக் கிழித்திருந்தார். நானும் படித்தேன், அருமையான எழுத்து. கடைசிப் பத்தியின் கடைசி வரியில்தான், ‘பழைய கதவு வேணும்கறவங்க பெட்டியை நெட்டில் இணைக்காதீங்க’ என்ற சமாசாரம் இருந்தது.

அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். அந்த அம்மாளின் நம்பர் கையில் இருந்தது. ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். கோபம் வந்தால் இவருக்கு எழுதத்தான் தோன்றும். அந்த அம்மாளுக்கோ போனில் பொடி எழுத்து தெரியாது. கேம் பெட்டியை நெட்டில் இணைத்து, டிவித் திரையில்தான் குழுவைப் படிப்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினொரு பத்தியையும் ஒரு வரி விடாமல், நிறுத்தி நிதானமாகப் படித்திருக்கிறார். அவர் படித்து முடிப்பதற்குள் அப்டேட் இறங்கி வேலையை முடித்துவிட்டது. ஆறு மணிக்கு ஒன்பதாம் மாடிக்குப் போனார். கதவு சமத்தாக ஒரே தடவையில் மூடிக்கொண்டது.

அந்த அம்மாள் போன் செய்தபோது ஒரு குறைகூடச் சொல்லவில்லையாம். “உங்க கடுதாசி ரொம்ப நல்லா இருந்துது தம்பி. கதவுதான் ஒரே தடவைல மூடிடுச்சு.” இதைச் சொல்லும்போது மெக்கானிக் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கம்பெனிக்காரன் மூடல மேடம். நானே மூடிட்டேன்.”

“உங்க பெட்டில இருக்கறத அந்தம்மா பெட்டிக்குள்ள காப்பி பண்ணிக் குடுக்க முடியாதா?”

“முடியாது. எம் பெட்டியே போனாத்தான் உண்டு.”

மறுநாள் சாயங்காலம் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். தனியாக இருக்கிற அம்மாள், தான் மட்டும் போய் நின்றால் நன்றாக இருக்காது என்றார். அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் துண்டில் சுற்றி, ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டு வேலைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, “ஒயர விட்டுட்டுப் போறீங்க” என்று கொடுத்தார்.

அந்த அம்மாளின் வீடு ஆறாவது மாடி. பெட்டியை மாட்டியதும் மெக்கானிக் செய்த முதல் வேலை, நெட் ஒயர் செருகும் துளையின் மேல் கறுப்பு டேப்பை மூன்று சுற்று ஒட்டியது. “இதுல எதையும் சொருகாதீங்கம்மா. குழுவ போன்ல பாருங்க, எழுத்த நான் பெருசாக்கித் தரேன்.” திரையைப் பார்த்த அம்மாள் அதிர்ந்துவிட்டார். “என்ன தம்பி, செடியெல்லாம் இப்படி வாடிக் கிடக்கு! தண்ணியே விடறதில்லையா?” மெக்கானிக் அசடு வழிந்தார். ஆறு மணி ஆயிற்று. ஒன்பதாம் மாடி. கதவு பாதி மூடித் திறந்தது. மறுபடி திறந்தது. மூன்றாவது தடவை திறந்தபோது அந்த அம்மாள் திரையைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவது போல, “வாங்க, நேரமாச்சு” என்றார். இதைத்தான் தேவையில்லாமல் என்று எழுதினான் அந்தப் புண்ணியவான்.

“அப்ப நீங்க எதுல பாப்பீங்க தம்பி?” என்று நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மாள் கேட்டார்.

“எனக்கென்னம்மா? நான் நெஜ லிஃப்ட்டையே பாக்கறவன்.”

கதவைச் சாத்திக்கொண்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். நாங்கள் லிஃப்டில் ஏறினோம். வெளியே நடையில் ஈ காக்கைகூட இல்லை. நான் கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினேன். கதவுகள் நெருங்கிவந்தன. மெக்கானிக் உதட்டை அசைக்கவில்லை, எண்ணவில்லை. சட்டென்று கையைக் குறுக்கே நீட்டினார். கதவு திரும்பித் திறந்தது. மறுபடி மூட வந்தது. மறுபடி நீட்டினார். நான் ஓரமாக நகர்ந்து இடம் விட்டு நின்றேன். மூன்றாவது தடவையும் கையை நீட்டினார்.