செம்புக் குழாயும் என் மச்சானும்

இன்று காலை பட்டறையைத் திறக்கும்போதே அக்கா வீட்டு மச்சான் செம்புக் குழாயோடு வந்து நின்றார்.

புதுத் துறைமுக வேலை முடிந்து ஏலம் விட்ட எஞ்சினிலிருந்து எஞ்சினின் இழுவையைக் கூட்டும் ஒரு டர்போ வாங்கியிருக்கிறார். அதைத் தன் லாஞ்சுப் படகில் மாட்ட வேண்டும். எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிபோல்டு குழாயை நான் செய்துதர வேண்டும்.

“இரும்பு வேண்டாம் மாப்ள. உப்புக்காத்து தின்னுரும். செம்புலயே செஞ்சிரு.”

எங்கள் கரையில் ஆணி வாங்கினாலும் முதல் கேள்வி துருப்பிடிக்குமா என்பதுதான். உள்ளே போகிற புகை நெருப்பாய்க் கொதிக்கும் என்றால் யார் கேட்கிறார்கள்?

“மச்சான், சூட்டுல செம்பு இளகிரும். நடுக்கடல்ல அந்தப் புகை மரப்படகுக்குள்ள பீச்சுனா என்ன ஆகும்?”

“சும்மா பயங்காட்டாதல!”

செம்பில் ஒரு துண்டு, கனத்த இரும்பு ஸ்டீம் பைப்பில் ஒரு துண்டு வெட்டினேன். இரண்டையும் படுக்கவாட்டில் இறுக்கி, நுனியில் ஒரே அளவு நட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு, கேஸ் டார்ச்சைக் காட்டினேன். சிவந்ததும் செம்பு தலையைத் தொங்கப்போட்டது. இரும்பு அசையவில்லை.

“சரி, இரும்புலயே செய்யி” என்று முனகினார்.

மத்தியானம் சோறு கொண்டுவந்த அக்கா, மிச்சச் செம்புக் குழாயைப் பார்த்து மச்சானிடம், “அடுப்பூத ஒரு துண்டு வெட்டித் தாங்களேன்” என்றாள்.

“ஏளா, விவரமில்லாம பேசாத. செம்பு சூட்டுக்கு ஆகுமா? இளகிரும்லா! கனத்த இரும்புதான் வேணும்” என்றார் மச்சான், என் பக்கம் திரும்பாமலே.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மீன்குழம்பைப் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மச்சான் உண்டா, இல்லை எங்களுக்கு மட்டும்தான் வாய்த்ததா?