பெயருக்கு முன்னால் நாலெழுத்து

கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் புதிதாக எதையும் கட்டுவதில்லை. யாரோ எப்போதோ எழுதியதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதுதான் அவன் தொழில். பழைய புரோகிராமைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் விவசாயிகள் சங்கம். அதன் உறுப்பினர் பட்டியல் என் தலையில்.

எட்டும் ஒன்பதும்

பொதுக்குழு அழைப்பில் 'சேர்மன்' என்பதை 'பிரசிடென்ட்' ஆக்கச் சொன்னார் செயலாளர். கோபோலின் சொல் மாற்றும் கட்டளைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடுப்பதும் வைப்பதும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் முன்னது எட்டெழுத்து, பின்னது ஒன்பது. சுற்றிவளைத்து எழுத இரண்டு நாளாகும் என்றேன். செயலாளர் யோசிக்கவே இல்லை.

"அப்பம் கடைசி எழுத்த விட்டிரு. தலைவரு அத எண்ணியா பாக்கப் போறாரு?"

துபாய்க்காரர் கோபம்

விடுமுறையில் வந்த துபாய்க்கார உறுப்பினர் ஒருவர் போன வருட அழைப்பின் முகவரிச் சீட்டோடு வந்து நின்றார். அதில் அவருடைய அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று இருந்தது. அப்பா செத்ததை வருடா வருடம் தபால்காரனுக்குச் சொல்ல வேண்டுமா என்று சத்தம் போட்டார். எல்லா லேட்டையும் எடுத்துவிடச் சொன்னார் செயலாளர். கூட்டத்தில் ஏதாவது குழப்பம் வந்தால் புரோகிராமோடு என்னையும் மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

ஆங்கிலத்தில் லேட் நாலெழுத்து, அதற்குப் பதில் நாலு வெற்றிடம். கோபோல் மறுபேச்சில்லாமல் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அழைப்புகளைக் குழித்துறையில் தபாலில் சேர்த்துவிட்டு வந்த பிறகுதான் கிளார்க் லீலா அக்கா மெதுவாகக் கேட்டார்.

"மக்கா, செத்துப்போன உறுப்பினருக்கும் பேருக்கு முன்னால லேட் போட்டிருந்தோமே. அதப் பாத்துத்தானே கம்ப்யூட்டர் அவியளுக்கு லெட்டர் அடிக்காம விட்டுது?"

கூட்ட நாள்

செத்தவர்கள் வரவில்லை. வீட்டார் வந்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்கென்றே செயலாளர் என்னை வாசலில் நிறுத்தியிருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலில் வந்தவர் கருங்கலிலிருந்து பஸ் பிடித்து வந்த சரோஜா அம்மா. ஒரு கையில் குடை, மறு கையில் கணவர் பெயருக்குப் போன அழைப்பு. தப்பு என்னுடையது, அதைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை.

"அவிய பேருக்கு ஒரு லெட்டர் வந்து ஆறு வருசமாச்சு மக்கா. வரச் சொல்லி எழுதியிருக்கு, ஒருத்தராவது வராண்டாமா?"

அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்த செயலாளர் என்னை வேலையை விட்டு அனுப்ப மறந்துபோனார். நானும் மறுநாள் செத்துப்போன உறுப்பினர்களுக்கு மட்டும் லேட்டைப் பழையபடி போட்டபோது ஒரே ஒரு பெயரை மறந்துபோனேன்.