மூன்றாவது கிணற்றின் பெயர்

உளியை எடுப்பதற்கு முன்னால் பூவனநாதன் ஒரு கேள்வி கேட்பார். "பேருக்கு என்ன அர்த்தம் அண்ணாச்சி?"

கோவில்பட்டியில் புது வீடு கட்டி, அதற்குப் பைபிள் பெயர் வைத்து, வாசலில் பதிக்கக் கல் வெட்டித்தரச் சொல்லி வருகிறவர்களில் பலர் அங்கேயே திணறிப்போவார்கள். பைபிளில் வருகிற ஊர், அதற்கு மேல் தெரியாது. அவரே சொல்வார். எபெனேசர் என்றால் உதவியின் கல். பெத்லெகேம், அப்பத்தின் வீடு. சொல்லிவிட்டுத்தான் கல்லில் சாக்பீஸ் கோடு போடுவார். யாராவது 'பெத்தேல் இல்லம்' என்று எழுதி நீட்டினால் முகம் சுளியும்.

"பெத்துன்னாலே வீடுதான். தெய்வத்தோட வீடுன்னு அதுலயே இருக்கு. பெறகு இல்லம் எதுக்கு? வீட்டு வீடுன்னு வெட்டச் சொல்லுதீங்களா?"

நெற்றியில் திருநீறு இல்லாமல் அவர் பட்டறைக்கு வந்ததில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் பெயெர்செபா என்ற ஊர்ப்பெயரைப் 'பெயர்சேபா' என்று வெட்டிவிட்டார். கல் வாங்க வந்தவர் தப்பான எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். புரியாமல் வெட்டுவதால்தான் கை தப்புகிறது என்று அன்றைக்குப் பட்டது. பழைய புத்தகக் கடையில் ஒரு வேதாகம அகராதியைத் தேடிப் பிடித்தார். சந்தேகம் வந்தால் சைக்கிளை மிதித்துப் போய்ப் பாதிரியாரிடம் கேட்டார். நோட்டு ஒன்று ஊர்ப்பெயர்களாலேயே நிறைந்தது.

பெயெர் என்றால் கிணறு எனத் தெரிந்த நாளில் மனைவி காளீஸ்வரியிடம் ஓடிவந்தார். "நம்ம பக்கம் விளாத்திகுளம், குளத்தூருன்னு குளத்த வச்சுப் பேரு இருக்குல்லா? அங்கன கிணத்த வச்சுப் பேரு வச்சிருக்காவ. அதுவும் காஞ்ச பூமிதான் போல!"

"இங்கன அரிசி களையத் தண்ணி இல்ல. ரெண்டு குடம் புடிச்சிட்டு வாங்க. அந்த ஊர்க் கிணத்தப் பெறகு பாப்போம்" என்றாள் அவள்.

மழை பொய்த்துப்போன 2003-ஆம் வருஷக் கோடையில், நாகலாபுரத்திலிருந்து விஜயராஜ் என்ற விவசாயி வந்தார். பூர்வீகக் கிணற்றில் அண்ணனோடு தகராறு வந்து, அதை விட்டுக்கொடுத்தவர். தன் பங்கில் இரண்டாவது கிணறு தோண்டினார். வரப்பு தன்னுடையது என்று அண்ணன் வழக்குப் போட, அதுவும் பாதியில் நின்றது. நிலத்தின் கடைசி மூலையில் மூன்றாவதாகத் தோண்டியதில் நல்ல தண்ணீர் வந்திருந்தது. கிணற்றுச் சுவரில் பதிக்க ஒரு கல் வேண்டும். நீட்டிய தாளில் 'சித்னா' என்று எழுதியிருந்தது.

"அர்த்தம் தெரியுமா தம்பி?"

"தெரிஞ்சுதான் வைக்கேன். பகை. எங்க அண்ணன் தெனம் வேதம் வாசிக்கிறவரு. அந்தப் பக்கம் போகையில எல்லாம் அவரு கண்ணுல படணும்."

பூவனநாதன் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அப்படின்னா பேரு தப்பு. வேதத்துல ஈசாக்கு தோண்டுன மொதக் கிணத்துக்கு அந்த ஊர்க்காரவுக சண்டை போட்டாவ. ரெண்டாவதுக்கும் போட்டாவ. அந்த ரெண்டாவதுக்குத்தான் சித்னான்னு பேரு. அவரு தள்ளிப் போயி மூணாவது தோண்டுனாரு. அதுக்கு யாரும் சண்டைக்கு வரல. ரெகொபோத்துன்னு வச்சாரு. நமக்கு எடம் உண்டாச்சுன்னு அர்த்தம். ஒங்க மூணாவது கிணத்துக்கு யாரும் வந்தாங்களா?"

"இல்ல."

"பெறகு ஏன் ரெண்டாவது கிணத்துப் பேர இதுக்கு வைக்கணும்?"

விஜயராஜின் முகம் சிவந்தது. "வெட்டுததுதான ஒம்ம வேலை? எட்டயபுரத்துல ஆளு இல்லையா?"

"இருக்காவ. போயி வெட்டிக்கிடுங்க. தப்புன்னு தெரிஞ்சு என் கை வெட்டாது."

விஜயராஜ் விருட்டென்று போய்விட்டார். வந்தவரை விரட்டிவிட்டோமே என்று பூவனநாதன் இரண்டு நாள் காளீஸ்வரியிடம் புலம்பினார். நான்காம் நாள் விஜயராஜே திரும்பி வந்து, தாள் எதுவும் இல்லாமல் நின்றார். "நீங்க சொன்னதையே வெட்டுங்க அண்ணாச்சி. எம் பொஞ்சாதியும் அதையேதான் சொல்லுதா."

கல்லைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு பூவனநாதனே நாகலாபுரம் போனார். கரிசல் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணற்றில் மோட்டார் இன்னும் மாட்டவில்லை. கயிறும் வாளியும் மட்டும் இருந்தன. கல்லைப் பதித்துச் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வரப்பில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் வெறும் குடம்.

"எங்க மயினி, அண்ணன் பொஞ்சாதி" என்றார் விஜயராஜ் தாழ்ந்த குரலில். அண்ணன் கிணறு வற்றிப் பத்து நாளாகிறதாம்.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "ரெ... கொ... போத்து." பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எடம் உண்டாச்சுன்னுதான அர்த்தம்?" என்றாள். வரப்பைத் தாண்டி அவள் காலெடுத்து வைக்கவில்லை. விஜயராஜ் தரையைப் பார்த்தபடி நின்றார்.

பூவனநாதன் கையில் ஒட்டியிருந்த சிமெண்டை வேட்டியில் துடைத்தார். வாளியை இறக்கி, நிறைய இறைத்துச் சுவர்மேல் வைத்தார். அவள் குடத்தில் தானே ஊற்றப் போகவில்லை. வாளியின் கைப்பிடியை விஜயராஜின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, உளிகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் எடுத்து வைக்கத் தொடங்கினார்.