பக்கத்து வீட்டுப் போனில் வந்த மகன்

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுபவன். இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகன் ராணுவத்தில் சேர்ந்து வடக்கே பயிற்சிக்குப் போனபோது நாங்கள் பீர்க்கன்கரணையில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்குப் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பரைத்தான் அவனிடம் கொடுத்திருந்தோம். பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் போன் பேச அனுமதி. அதுவும் பூத் வாசலில் வரிசையில் நின்று பேச வேண்டும். அவன் கூப்பிட்டால் என் மனைவிதான் ஓடுவாள். நான் வாசலோடு நின்றுகொண்டு, அவள் திரும்பி வந்ததும் என்ன சொன்னான் என்று கேட்டுக்கொள்வேன். அவன் வீட்டில் இருந்த காலத்திலேயே நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

அந்த ஞாயிறு அவள் தங்கையின் வளைகாப்புக்காகப் படப்பைக்குப் போயிருந்தாள். மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணா, உங்க பையன் லைன்ல கீறான். சீக்கிரம் வாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். ஹாலில் குடும்பமே உட்கார்ந்து டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தது. போன் டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"இன்னாண்ணா, பையன் துப்பாக்கி புட்ச்சிட்டானா?" என்றார் அந்த அம்மாவின் கணவர்.

சிரித்து வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தேன்.

"அம்மா இல்லியா?" என்றான் மகன். குரல் கட்டியிருந்தது.

"படப்பைக்குப் போயிருக்கா. சாப்ட்டியா?"

"ம்." பிறகு, "முடிலப்பா. டிரில் சொல்லித் தர்ற உஸ்தாத் இந்தியில சொல்றது ஒண்ணும் புரியல. எல்லாரும் ரைட்ல திரும்பினா நான் லெஃப்ட்ல திரும்பறேன். அதுக்குக் கல்லு மேல உருள வுடறாரு. பூட்ஸ் கடிச்சு காலெல்லாம் ரத்தமா கீது. நைட்டு சுவர் ஏறிக் குதிச்சு வந்துடலாம்னு பாக்கறேன்."

அப்படி ஓடி வருகிறவனைத் தேடி வீட்டுக்கே போலீஸ் வரும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எதிரே அத்தனை முகங்கள். அவன் செலக்‌ஷன் ஆனபோது இதே ஹாலில்தான் முதல் லட்டைக் கொடுத்தோம்.

"ம்... ம்..." என்றேன்.

"இன்னாப்பா நீ, ம்ம்னுகினே கீற?"

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை ஏற்றினார். ஏற்றிக்கொண்டே போனார்.

"ஏய், காது கிழியுது" என்றார் கணவர்.

"சண்டை வரப்போவுது. சத்தமா இருந்தாத்தான் நல்லாருக்கும். நீ படத்தைப் பாரு."

திரையில் யாரோ காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"டேய், சுவர் கிவர் ஏறாத. முடியலன்னா முறையா சொல்லிட்டு வா. நானே ரயிலேறி வந்து கூட்டிகினு வர்றேன். தெருவுல யாராச்சும் எதுனா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

"நீயா?" என்றான். "உனுக்கு இந்தி தெரியுமா? எப்டி வந்து சேருவ?"

"தெரியாது. உன்ன மாதிரியே ரைட்டுன்னா லெஃப்ட்ல திரும்பி, எங்கியாவது போய் நிப்பேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் சிரித்தது கேட்டது. அவனுக்குப் பின்னால் யாரோ இந்தியில் கத்தினார்கள்.

"வரிசையில கத்தறானுங்கப்பா. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. வெச்சிடறேன்."

வருகிறாயா இருக்கிறாயா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கீறானா?" என்றார் கணவர்.

"நல்லா இருக்கான்" என்றேன்.

அன்று முழுக்க எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வளைகாப்பிலிருந்து திரும்பிய மனைவியிடம், சாப்பிட்டானாம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவன் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது: அந்தத் திங்கட்கிழமை விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்துக்கு அவன் போயிருக்கிறான். கடைசி ஆளாக வந்திருக்கிறான்.