மாலதியைக் கேட்காமல் போட்ட விதி

மயிலாப்பூரில் எனக்கு அடுத்த தெருக்காரர் இறந்த செய்தி எனக்கு அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. "மாமா, அப்பா போயிட்டாராம். ஆஸ்பத்திரியிலேருந்து இப்பத்தான் சொன்னாங்க. நீங்க முதல்ல போங்க" என்றாள் மாலதி. மனைவி போன பிறகு தனியாக இருந்த குணசேகரன் சாருக்கு ஒரே மகள்.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் அவரோடு காலையில் நடந்து, இப்போது இந்த இரங்கல் குறிப்பைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும், சார் சட்டமன்றத்தில் சுருக்கெழுத்து நிருபராக இருந்தவர். யார் எழுந்தார், யார் கத்தினார், யார் வெளிநடப்பு செய்தார், எல்லாம் அவர் பென்சில் வழியாகத்தான் அச்சுக்குப் போனது. நான் ஜெராக்ஸ் கடைக்காரன். பத்தாவதை இரண்டு முறை எழுதியவன். ஊரார் சான்றிதழையெல்லாம் நகல் எடுத்தேன். என்னுடையது என்று எடுக்கத்தான் ஒன்றுமில்லை.

சில மாதங்களுக்கு முன் அமெரிக்க அதிபர் விசா விதியை ஒரே கையெழுத்தில் மாற்றினார். ஊருக்கு வந்தால் மாலதி மறுபடி அங்கே வேலைக்குத் திரும்ப முடியுமா என்பது யாருக்கும் தெரியவில்லை.

"இன்னா சார் இது? அவங்க சபையில யாரையும் கேக்க வேணாமா?" என்றேன் நான்.

"கேக்கத்தான்யா சபையே. ஆனா கேட்டா நேரமாவும், நாலு பேர் எதிர்ப்பான். கையெழுத்துக்கு அந்தத் தொல்லை இல்ல. என்னை மாதிரி ஆளுக்கு இதுல எழுத ஒண்ணுமே இல்ல பாரு."

பிறகு சார் ஆஸ்பத்திரியில் படுத்தார். "உண்மையைச் சொல்லுங்க மாமா, நான் கிளம்பட்டுமா?" என்று மாலதி தினமும் என்னைத்தான் கேட்டாள். வந்து இங்கேயே மாட்டிக்கொண்டால், எட்டு வயதுப் பேரன் அங்கே. வரச் சொல்லாதே என்று சார் படுக்கையிலிருந்து கண்ணாலேயே மிரட்டினார். "நல்லா கீறாரும்மா, நீ வராதே" என்றேன். வீட்டில் என் பேச்சை என் பெண்கள் கேட்பதில்லை. இவள் கேட்டுவிட்டாள்.

போனை வைத்ததும் சார் சிரித்தார். இருமல் வந்தது. "யோவ், நாமளும் அவளைக் கேக்காமலே ஒரு விதி போட்டுட்டோம். கையெழுத்து உன்னுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னதை மாற்றவும் வழியில்லை. அடுத்த நாள் போன் அடித்தபோதும் அதையேதான் சொன்னேன்.

காரியம் முடிந்த அன்று நானே அவளைக் கூப்பிட்டேன். அவர் மிரட்டியது, நான் சொன்னது, அவர் சிரித்தது, இருமியது, எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். என் பங்கு வந்த இடத்தில் நாக்கு தாண்டிப் போகப் பார்த்தது; விடவில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.



"நான் வந்திருப்பேன் மாமா. வேலை போனாலும் வந்திருப்பேன்."

அதையும் இங்கே எழுதிவிட்டேன்.