நான் அதிர விடாத பலகை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கொல்கத்தா பெஹாலாவில் எங்கள் குடியிருப்பின் துர்கா பூஜைப் பந்தலில் நடந்தது இது. அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கோபம் முழுக்க என் மேல்தான்.

நான் மத்திய அரசில் மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பந்தலில் மின்சார வேலை சரி என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் கமிட்டி எதையும் ஓட விடும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் பந்தலை வடிவமைக்க, ஓவியக் கல்லூரியில் படித்து முடித்த ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். பூஜையில் அடிக்கும் டாக் என்ற பெரிய மேளத்தின் அருகே அவள் மைக் வைத்தாள். அந்த ஓசை கணினிக்குள் போய், சுவரில் ஒளி அலைகளாக ஓடியது. தரையில் பதித்திருந்த மரப்பலகைகளையும் அதிர வைத்தது. வெறுங்காலுடன் ஏறி நின்றால் ஒவ்வொரு அடியும் உள்ளங்காலில் இறங்கும். ஒத்திகையின்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஒயரையெல்லாம் பைப்புக்குள் விட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ஜேட்டு, இது வெறும் பன்னிரண்டு வோல்ட். எறும்புக்குக்கூட ஷாக் அடிக்காது." ஜேட்டு என்றால் வங்காளத்தில் பெரியப்பா. பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர் ஒருவர், "அண்ணா, இது உங்க காலத்து ஃப்யூஸ் கட்டை இல்லே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சொன்னது சரி. அவளைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தே அன்று மாலை 'பலகை அமைப்பு பாதுகாப்பற்றது' என்று எழுதிக் கொடுக்கக் கை கூசவில்லை. பலகைகளுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, இணைப்புப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது. அவளுடைய அம்மாவுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டதாம். "மா டாக் கேட்டதே இல்லே ஜேட்டு. அவங்களுக்காகத்தான் இந்தப் பலகையே. அஷ்டமிக்கு வராங்க."

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

அவள் போனதும் என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "பன்னிரண்டு வோல்ட்டுக்கு என்ன ரூல்? சின்னப் பொண்ணு சிரிச்சுட்டான்னு கோவம். அதையே எழுதிப் பந்தல்ல ஒட்டுங்களேன்." நான் காப்பி கேட்டேன். தரவில்லை.

அஷ்டமி காலை அந்த அம்மாள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறி நின்றார். டாக் முழங்கியது, சுவரில் ஒளி ஓடியது, பலகை அசையவில்லை. அடுத்த பலகைக்கு நகர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மகளை நிமிர்ந்து பார்த்தார். மகள் கைகளால் ஏதோ சொல்லி என் பக்கம் காட்டினாள்.

அவர் நேராக என்னிடம் வந்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் இரு கைகளையும் கூப்பினார். "யாருக்கும் எதுவும் ஆகக் கூடாதுன்னு நீங்கதான் பார்த்துக்கிறீங்களாம். மா நன்றி சொல்றாங்க" என்றாள் மகள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பெட்டி எனக்குப் பின்னால்தான் இருந்தது. இரண்டு ஒயரை மாட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. கை இரண்டு முறை சட்டைப்பைக்குப் போனது. ஆனால் மாட்டினால், இப்போது ஓடும் பலகையை அன்று ஏன் நிறுத்தினீர்கள் என்று யாராவது கேட்பார்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, அம்மாவும் மகளும் பந்தலைத் தாண்டிப் போகும்வரை மரம் மாதிரி நின்றேன். அறுபத்தெட்டு வயது அப்போது எனக்கு. என்ன படித்து என்ன?

விபத்தில்லாத பூஜை என்று கமிட்டிக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். கைதட்டலை வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அவளுடைய எண் என் போனில் இருக்கிறது, கூப்பிடவில்லை. தெரியாமல் செய்த தவறென்றால் மன்னிப்புக் கேட்டிருப்பேன், தெரிந்தே செய்துவிட்டு அதற்கு ஒரு கும்பிடும் வாங்கிக்கொண்டவன் எந்த வார்த்தையில் பேச்சைத் தொடங்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.